பரிசுத்தமும் பக்கத்து வீடும்: வேதபாட வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில், வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பு எடுத்துவருகிறேன். பரிசுத்த ஜீவியம் பற்றிப் பேசுகிற வாரமெல்லாம் ஊர்க் காரியம் பற்றியும் கேள்வி வரும். ஊர்க் காரியம் பற்றிப் பேசினால் பரிசுத்தம் பற்றிக் கேள்வி வரும். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். வசனங்களை உங்கள் வேதாகமத்தில் திறந்துவைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

பரிசுத்தம்னா குடிக்காம, சினிமா பாக்காம, கெட்ட வார்த்தை பேசாம இருக்கிறதுதானே?

அடக்கம் அதில் உண்டு. அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் சிக்கல். "பரிசுத்தராயிருங்கள்" என்ற கட்டளை வருகிற லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஓய்வுநாள், விக்கிரகம், பலி எல்லாம் வருகிறது. அதே மூச்சில் கடவுள், வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறார். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறார். செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே, நியாயம் சொல்லும்போது பெரியவன் முகத்தைப் பார்க்காதே, தராசும் படியும் சரியாக இருக்கட்டும் என்கிறார். "பிறனை நேசி" என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிற வசனமும் இந்த அதிகாரத்தின் நடுவில்தான் இருக்கிறது.

'பரிசுத்தம்' என்பதற்கு எபிரேயத்தில் பிரித்து வைக்கப்பட்டது என்று பொருள். சரி, எதற்காகப் பிரித்து வைக்கிறோம்? திருவிருந்துப் பாத்திரத்தை ஆலயத்தில் தனியாக வைத்திருக்கிறோம். வீட்டுச் சமையலுக்கு எடுப்பதில்லை. ஆனால் திருவிருந்து நாளில் அது எல்லோர் உதட்டுக்கும் போகிறது. வருஷம் முழுக்க அலமாரியிலேயே பூட்டியிருந்தால் அதைப் பிரித்து வைத்ததற்கு அர்த்தமில்லை.

அப்போ ஜெபம், உபவாசம் இதெல்லாம் முக்கியம் இல்லைன்னு சொல்றீங்களா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஜெபம் இல்லாமல் ஊர் வேலைக்கு இறங்கியவர்கள் இரண்டு வருஷத்தில் கசந்துபோய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊருக்காக ஜெபிக்க ஊர் தெரிந்திருக்க வேண்டும். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் (29:7) இரண்டு வேலை சொல்கிறார். அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு, அதற்காக விண்ணப்பம் பண்ணு. தங்களைச் சிறைபிடித்த ஊருக்கே அப்படி என்றால், பிறந்து வளர்ந்த ஊருக்கு எவ்வளவு!

உபவாச ஜெபத்தில் "எங்கள் கிராமத்தை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, எந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான் என்று பெயர் சொல்லி ஜெபித்துப் பாருங்கள். ஆமென் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியாது.

"அவர்கள் நடுவிலிருந்து பிரிந்துபோங்கள்"னு வசனமே இருக்கே. ஊர்க் காரியத்துல நாம எதுக்குத் தலையிடணும்?

2 கொரிந்தியர் 6:17. வகுப்பில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் வசனம் இதுதான். ஆனால் அதே பவுல், அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், உலகத்துப் பாவிகளோடு கலக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்படியானால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே என்று விளக்குகிறார். ஆண்டவரும் யோவான் 17:15-இல், இவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று கேட்காமல், தீமையிலிருந்து காத்துக்கொள்ளும் என்றுதான் பிதாவிடம் கேட்கிறார்.

எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது ஆகாய் 2-ஆம் அதிகாரத்தில். தீர்க்கதரிசி ஆசாரியரிடம் ஒரு கேள்வி கேட்கிறார். பரிசுத்த மாம்சத்தை வஸ்திரத் தொங்கலில் வைத்திருப்பவன் அப்பத்தைத் தொட்டால் அப்பம் பரிசுத்தமாகுமா? ஆகாது. பிணத்தால் தீட்டானவன் தொட்டால் தீட்டாகுமா? ஆகும். தீட்டு தொற்றும், பரிசுத்தம் தொற்றாது என்பது பழைய ஒழுங்கு. அப்புறம் மாற்கு முதல் அதிகாரத்துக்கு வாருங்கள். இயேசு குஷ்டரோகியைத் தொடுகிறார். நியாயப்படி அவர் தீட்டாக வேண்டும். ஆனால் அவர் தீட்டாகவில்லை, குஷ்டரோகிதான் சுத்தமானான். சுத்தம் அவரிடமிருந்து அவனுக்குப் போனது. தொட்டால் நாம் கெட்டுவிடுவோம் என்ற பயத்திலேயே வாழ்கிறவர்கள் இன்னும் ஆகாயின் காலத்தில் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

விலக வேண்டிய இடங்கள் நிச்சயம் உண்டு. லஞ்சம், வரதட்சணை பேரம், ஒரு குடும்பத்தை ஊர்விலக்கு செய்யும் கூட்டம். அங்கெல்லாம் எழுந்து வந்துவிடுங்கள். வெளியே வரும்போது ஏன் வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எங்க சபை ஏழைச் சபை. பணம் இருந்தாத்தானே உதவ முடியும்? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கைப்பிடி அரிசியிலிருந்து. நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பனையேறிக் குடும்பங்கள், கூலிக் குடும்பங்கள் அப்படிச் செய்தார்கள். நம் பக்கத்துச் சபைகள் பணக்காரரை வைத்து வளரவில்லை. 1799-இல் முதலூர் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவானதே, துரத்தப்பட்டவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதால்தான். திருநெல்வேலிப் பக்கம் ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம், துன்பப்படுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுக்க ஏற்பட்டது. ஒரு கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தார்கள், கையில் இருந்ததைச் சேர்த்தார்கள்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள், இவருக்கோ அன்று மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்கப் போகவைத்தது. 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. நாம் எல்லோரும் ஆஸ்பத்திரி கட்டப் போவதில்லை. ஆனால் உங்கள் கதவை இப்போது யார் தட்டுகிறார் என்று கேளுங்கள். முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டியாக இருக்கலாம். அதற்குக் காசு வேண்டாம், ஒரு மத்தியானம் போதும்.

கூலி, வட்டி, தராசு இதெல்லாம் தொழில். இதுல பரிசுத்தம் எங்க வருது?

முதல் பதிலில் சொன்ன லேவியராகமம் 19-க்குத் திரும்பப் போகச் சொல்வேன். அது வருகிற இடமே இதுதான். ஆலயத்துக்கு வெளியே ஒரு விசுவாசியை ஊர் எடைபோடுவது இதை வைத்துத்தான். வாழைத்தோட்டத்தில் தார் வெட்டி, சுமந்து, லாரியில் ஏற்றியவருக்குச் சனிக்கிழமை மாலை தர வேண்டிய கூலியை "திங்கள் வா பாப்போம்" என்று அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்தால், அந்த வீட்டில் ஞாயிறு எப்படி இருந்திருக்கும்? அறுவடை செய்தவர்களிடம் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருகிற பெண்களும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் இந்த வசனத்துக்குள் இருக்கிறார்கள்.

சில காரியங்களை உடனே செய்யலாம். கூலி அன்றன்றைக்கே. வீட்டு வேலை செய்கிற அக்காவுக்குத் தனித் தம்ளர் இருந்தால் இன்றே எடுத்துப்போடுங்கள். வட்டிக்குக் கொடுத்திருந்தால், அசலைவிட வட்டி அதிகம் வாங்கிவிட்டோமா என்று கணக்குப் பாருங்கள். வரி வசூலிக்கிற சகேயு இயேசுவைச் சந்தித்ததும் எழுந்து நின்று கணக்கைத்தான் சொன்னான்: பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திருப்பி. அதைக் கேட்ட பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் சொன்னார்.

கிராம சபைக்குப் போறது அரசியல் இல்லையா? விசுவாசி போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர்தான். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குளம் தூர்வாருவது, தெருவிளக்கு, வரவு செலவு எல்லாம் அங்கே பேசப்படும். நாம் போகாவிட்டால், பேசத் தெரிந்த நாலு பேர் முடிவு செய்வார்கள். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வராது.

போகும்போது ஒரு வேண்டுகோள். நம் கல்லறைத் தோட்டத்துப் பாதைக்காக மட்டும் எழுந்து பேசாதீர்கள். ஒருமுறை நாங்கள் அப்படித்தான் போனோம். எங்கள் காரியம் முடிந்ததும் எழுந்து வந்துவிட்டோம். பின்னால் ஒரு பெரியவர், "உங்க வேலைக்கு மட்டும் வர்றீங்களே தம்பி" என்றார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அடுத்த கூட்டத்தில் அங்கன்வாடிக் கூரைக்காகப் பேசினோம். கட்சி பிரச்சாரத்துக்கு ஆலயத்தையும் பிரசங்க பீடத்தையும் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். ஓட்டு யாருக்கு என்பது உங்கள் மனசாட்சி.

கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கேக்குறாங்க. குடுத்தா பாவம், குடுக்கலைன்னா பகை. என்ன பண்றது?

கொடை என்பது ஊர்க் கோயில் திருவிழா; அதற்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பதுதான் தலைக்கட்டு வரி. இது எளிதான கேள்வி இல்லை, ஊருக்கு ஊர் நிலைமை வேறு. நான் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். வழிபாட்டுச் செலவு வேறு, ஊர்ப் பொதுச் செலவு வேறு. தெருவைச் சுத்தம் செய்ய, குடிதண்ணீர் வைக்க, வாறுகால் (சாக்கடை) சரிபண்ண என்றால் முதல் ஆளாகக் கொடுங்கள், உடம்பாலும் உழையுங்கள். பூஜைக்கு என்றால், ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு நேரில் போய், "அண்ணாச்சி, இதில் என் விசுவாசம் இடம் கொடுக்கவில்லை, மற்ற எதற்கும் கூப்பிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வருஷம் முழுக்க கூட நிற்கிறவன் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். வருஷம் முழுக்க ஒதுங்கியிருந்துவிட்டு கொடைக்கு மட்டும் கொள்கை பேசினால் பகைதான் வரும்.

படைத்த சாப்பாடு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் இதைத்தான் பேசுகிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பலவீனமான சகோதரன் இடறினால் சாப்பிடமாட்டேன் என்கிறார். நீங்கள் எந்த முடிவெடுத்தாலும், கொண்டுவந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்துப் பிரசங்கம் பண்ணாதீர்கள்.

இன்னொன்று. கொடையில் சத்தம் அதிகம் என்று வருத்தப்படுகிற நாம், அதிகாலையில் ஆலயத்துக் குழாய் ஒலிபெருக்கியைப் போடுகிறோம். பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், இரவெல்லாம் இருமிய நோயாளியும் இருக்கிறார்கள். அதைக் குறைப்பதும் பிறனை நேசிப்பதுதான்.

உதவி செய்றப்போ சுவிசேஷம் சொல்லலாமா? சொல்லலைன்னா அது வெறும் சமூக சேவைதானே?

கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் உதவியைத் தூண்டில் முள்ளாக ஆக்காதீர்கள். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார், அவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் ஒன்பது பேரின் சுகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அரிசிப் பையைக் கையில் கொடுக்கும்போதே சுவிசேஷக் கைப்பிரதியையும் கொடுத்தால், வாங்குகிறவருக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் போகிறது. பசியில் இருப்பவரை அந்த இடத்தில் நிறுத்துவது சரியில்லை.

'வெறும்' சமூக சேவை என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. மத்தேயு 25-இல், பசியாயிருந்தேன், போஜனம் கொடுத்தீர்கள் என்று ராஜா சொல்லும்போது, நீதிமான்களே ஆச்சரியப்படுகிறார்கள். அவர்கள் அதை ஊழியம் என்றுகூட நினைக்காமல் செய்திருக்கிறார்கள்.

செஞ்சதை வாட்ஸ்அப்ல போட்டோ போடலாமா?

வாங்குகிறவர் முகம் தெரிகிற படம் வேண்டாம். காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட ரசீது போதும்.

நல்லது செய்றது நாம மட்டும் இல்லையே. வெள்ளத்துல கோயில்ல வச்சுத்தானே சோறு போட்டாங்க. அப்போ நமக்கு என்ன விசேஷம்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி மக்கள் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து, கோயிலில் வைத்து ஆக்கிப் போட்டார்கள். அவர்கள் வீடுகளும் அதே மழையில்தான் நின்றன. யார் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டுவிட்டா பரிமாறினார்கள்?

இதைக் கேட்டதும் நமக்குள் ஒரு சின்னப் பொறாமை வருகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும் நம் ஆட்கள். உதவியவன் வெளியாள். "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று ஆண்டவர் காட்டியது அந்த வெளியாளைத்தான். அதனால் விசேஷம் என்னவென்று தேடாமல், நன்றியோடு கற்றுக்கொள்வோம். அடுத்த மழைக்குக் கோயில் கமிட்டியோடும் பள்ளிவாசல் ஜமாத்தோடும் சேர்ந்து, யாரிடம் பெரிய அண்டா இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, படுக்கையில் கிடப்பவர்கள் எந்தெந்த வீட்டில் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம்.

எல்லா வேலையும் பெண்கள் ஐக்கிய சங்கத்து மேலதான் விழுது. அலுத்துப்போச்சு. இதுவும் பரிசுத்தமா?

இல்லை, இது அநியாயம். சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் ஒரே ஆட்கள் என்றால், ஆண்கள் முதலில் பாத்திரம் கழுவ வரட்டும். அப்போஸ்தலர் 6-இல் விதவைகளின் பந்தி விசாரணைக்கு ஏழு பேரை நியமித்தார்கள். ஏழு பேரும் ஆண்கள், பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் என்று தேடி எடுத்தவர்கள். சீஷர்களைப் பார்த்து, தனியே வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்று ஆண்டவர் சொன்னதும் வேதத்தில்தான் இருக்கிறது (மாற்கு 6:31). ஒரு மாதம் ஓய்வெடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம்.

சபைக்குள்ளேயே சாதி பாக்குறோம். அதைச் சரி பண்ணாம ஊருக்கு நல்லது செய்றது வேஷம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவன் பத்தொன்பது வயதுப் பையன். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவன் கேட்டது நியாயம். 1833-இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது என்று ஆணையிட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் அதை எதிர்த்துச் சபையையே விட்டுப் போனார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகியும் கல்யாணப் பேச்சில், சபைத் தேர்தலில், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட, சாதி நம்மோடு உட்கார்ந்திருக்கிறது. லேவியராகமம் 19 சொல்கிற பரிசுத்தத்துக்கு நேர் எதிரானது இது. வெளியே இருக்கிறவர்களைத் தொட்டால் தீட்டு என்பதை மூன்றாவது கேள்வியில் பார்த்தோம். உள்ளேயே அதைச் செய்தால் என்ன சொல்வது?

இதில் இன்னொரு பாரமும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிக்கான உரிமை கிடையாது. சபையிலும் ஒதுக்கம், அரசாங்கத்திலும் இழப்பு. அதனால் சான்றிதழில் இந்து, ஆலயத்தில் கிறிஸ்தவர் என்று வாழ்கிற குடும்பங்களை "விசுவாசம் இல்லாதவர்கள்" என்று பேசுகிறோம். அவர்கள் பிள்ளையின் படிப்புச் செலவை நாம் ஏற்கவில்லை. பேச நமக்கு வாய் எங்கிருந்து வந்தது?

ஆனால் உள்ளே சரியாகும்வரை வெளியே எதுவும் செய்ய வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. அப்படிக் காத்திருந்தால் இரண்டும் நடக்காது. சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அதுவே நமக்கு வழி தெரியும் என்பதற்குச் சாட்சி. அந்த ஒருநாள் பந்தி மற்ற நாளுக்கும் நீள வேண்டும்.

இதைப் பத்தி பேசினா கமிட்டில யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?

அதே பையன்தான் அடுத்த வாரமும் கேட்டான். கமிட்டியைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அடுத்த தெருவில் துட்டி (சாவு) விழுந்தால் போ. நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல வாசலில் நின்று ஜெபித்துவிட்டுத் திரும்பாதே. உள்ளே போ, பாயில் உட்கார், அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடி. பெட்டி தூக்க ஆள் கேட்டால் தோள் கொடு. போன மாதம் அவன் போனான். அவனோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.